பேனுக்காகச் சொன்ன நெஞ்சுவலி

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. பெயர்தான் உரக்கடை, பிழைப்பு பூச்சிமருந்தில். காலையில் கடை திறந்ததும் யாராவது ஒரு விவசாயி பிளாஸ்டிக் பையில் நாலு இலையைப் போட்டுக்கொண்டு வந்து மேசைமேல் கொட்டுவார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பேன். எனக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி அந்த மௌனத்துக்குத்தான். பிறகு, "இலைச்சுருட்டு விழுந்திருக்குது. முந்தாநாளே வந்திருக்கணும் நீ" என்பேன். முந்தாநாள் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இப்படி இருபது வருடத்துக்கும் மேலாக ஊர்ப் பயிரின் பூச்சியை எல்லாம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நான், என் மகள் இரண்டு வாரமாக என் எதிரிலேயே உட்கார்ந்து தலையைச் சொறிவதைப் பார்த்து, அது பொடுகு என்று முடிவு செய்தேன். பொடுகு ஷாம்பு வாங்கிக் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று கைபேசியில் அவளோடு தலையை முட்டிக்கொண்டு வீடியோ பார்த்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. மூன்று வயதில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் இரண்டாவது மொட்டை போட்டதுக்குப் பிறகு அவள் முடியில் கத்தரி பட்டதில்லை. அவளே அப்படிச் சொல்லிவைத்திருந்தாள். பள்ளிச் சீருடையில் இடுப்பு பெல்ட் இருக்கிறதே, பின்னல் அதைத் தொட வேண்டும் என்பது அவள் லட்சியம். ஞாயிற்றுக்கிழமை தலை குளித்ததும் பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து, "இன்னும் மூணு விரல் தான் நைனா" என்பாள். கழுத்தைச் சாய்த்தால் முடி நீளமாகத்தான் தெரியும். நான் அதைச் சொல்லமாட்டேன். நானும் கண்ணாடி முன்னால் நின்று நெற்றியைக் கொஞ்சம் குனித்து, முன்முடி இன்னும் இருப்பதாகப் பார்த்துக்கொள்கிறவன்தானே.

என் மனைவி அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அந்த வாரம் அவளுக்கு விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி. அங்கேயே அவள் அக்கா வீட்டில் தங்கல். கிளம்பும்போது பால், கேஸ், மோட்டார் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியாக, "ரெட்டைச் சடை பின்னணும். முடியலன்னா எதிர்வீட்ல உட்ருங்க, அந்தத் தங்கச்சி பின்னி உடும்" என்றாள்.

முடியலன்னா என்று அவள் சொன்னது எனக்கு உறைத்துவிட்டது. முப்பது கிலோ மூட்டையைப் பிரித்துத் தைக்கிறவனுக்கு ஒரு சடை என்ன பிரமாதம்? மறுநாள் காலையில் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, சீப்பால் நடுவகிடு எடுத்தேன். வகிடு செஞ்சி மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போனது. ஒரு பக்கத்தைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபோது வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது.

"உன் பொடுகு போகவே இல்லையே" என்று ஊதினேன். பறக்கவில்லை. விரலால் தட்டினேன். உதிரவில்லை. நகத்தால் பிடித்து இழுத்தால், முடியோடு ஒட்டிக்கொண்டு, முடி நெடுக வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். எள்ளைவிடச் சின்னதாக, ஒரு பக்கம் கூம்பிய முட்டை. வரிசையாக, ஒவ்வொரு முடியிலும் வேரை ஒட்டி ஒன்று. தொழில் மூளை சட்டென்று, "முட்டைப்பருவம்" என்றது. தகப்பன் மூளை அப்போதுதான் விழித்துக்கொண்டது. அதற்குள் பிடரியில் இருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று கிளம்பி, நான் எடுத்த கோணல் வகிட்டைக் குறுக்கே நடந்து கடந்து, அந்தப் பக்கக் காட்டுக்குள் போனது.

நான் கத்தினேன். சீப்பு எங்கேயோ போய் விழுந்தது.

"இன்னா நைனா?"

"பே... பேன்!"

"அவ்ளோதானா? எங்க கிளாஸ்ல நெறைய பேருக்கு இருக்குதே" என்றாள் மகள், பல் விழுந்த கதையைச் சொல்கிற மாதிரி. "சீக்கிரம் பின்னு, ஆட்டோ வந்துடும்."

அன்று ஆட்டோ அவள் இல்லாமல் போனது. பள்ளிக்கு ஜுரம் என்று செய்தி அனுப்பினேன். அன்றைய பொய்க்கணக்கில் அது முதல் பொய். அப்புறம் ஒரு மணி நேரம் நான் செய்தவற்றை இப்போது எழுதக் கை கூசுகிறது. வீட்டில் இருந்த எல்லாத் தலையணையையும், எல்லாப் போர்வையையும், சோபா உறையையும், யார் தலையும் படாத வாசல் மிதியடியையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பினேன். சீப்புகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். பிளாஸ்டிக் சீப்பு ஒன்று உருகி, கை கும்பிட்ட மாதிரி வளைந்துகொண்டது. பேன் குதிக்கும், சமயத்தில் பறக்கவும் செய்யும் என்ற திடமான நம்பிக்கையில் என் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டேன். மகள் பக்கத்தில் வந்தால் நான் பின்னால் நகர்ந்தேன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கூடத்தைச் சுற்றி என்னைத் துரத்தினாள்.

மாடியில் கடைசித் தலையணையை வைக்கும்போதுதான் எதிர்வீட்டுத் தங்கச்சி அவர்கள் மாடியில் துணி காயப்போட வந்தாள். சொந்தம் இல்லை, ஆனால் பத்து வருடமாக அண்ணே, தங்கச்சி என்றே பழக்கம். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ, ஒரே பெஞ்சு.

"இன்னாண்ணே, தலைல துண்டு கட்டிக்கினு? வீடு மொத்தமும் மாடில இருக்குது?"

பேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல் நாக்கில் வரவில்லை. நாலு பேருக்கு முன்னால் பூச்சிமருந்துக்காரன் என்று பேர் எடுத்தவன் வீட்டில் பூச்சி! அதோடு, இவள் பெண்ணிடமிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைக் காட்டிக்கொள்ளவும் முடியாது. வாய் தானாகத் திறந்தது.

"வீடு கழுவுறோம்மா. வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் போறோம். பாப்பாவுக்கு முடி எறக்கணும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கே தெரிந்தது. பயிர் இருந்தால்தானே பூச்சி? மொத்தமாக அறுவடை செய்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. ஊரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மொட்டைத் தலை எங்கள் பக்கம் பக்தி, பேன் தலைதான் அசிங்கம்.

ஆனால் எதிர்வீட்டுத் தங்கச்சி கேட்டாள். "இவ்ளோ நீள முடிய எறக்குறீங்களா? அப்டி இன்னாண்ணே வேண்டுதல்?"

"அது... எனக்குப் போன வாரம் கொஞ்சம் நெஞ்சு வலி மாதிரி வந்துச்சு. அப்ப வேண்டிக்கினேன்."

அவள் கையில் இருந்த பாவாடை நழுவித் தரையில் விழுந்தது. "அங்காளம்மா! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணே!"

மாடிப்படி இறங்கி வந்து மகளிடம் சொன்னேன். இன்னும் நாலு நாள்தான், அமாவாசைக்கு மொட்டை போட்டுவிட்டால் பேன் எல்லாம் ஓடிவிடும், முடி மறுபடி வளர்ந்துவிடும் என்றேன். அவள் துரத்தும் விளையாட்டை நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது வாங்கித் தந்து சமாளித்திருப்பேன். பின்னாத முடியை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "வளர எவ்ளோ நாள் ஆவும்?" என்று மட்டும் கேட்டாள். ஆறு வருடம் என்று அவளுக்கே தெரியும்.

அவளை வீட்டில் தனியாக விட முடியாதென்று கடைக்கு அழைத்துப் போனேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்வது அவள் வழக்கம். அன்று அவளுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். பேனைப் பூட்டிவைக்கத்தான். காந்தி பஜார் வழியாகப் போகும்போது ஒரு போக்குவரத்துக் காவலர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார், எவ்வளவு பொறுப்பான தகப்பன் என்று.

கடையில் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து அவள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். சீயமங்கலத்தில் இருந்து வந்திருந்த ஒரு விவசாயி நிலக்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக்கு, மருந்து கேட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"பேனா மொதலாளி?"

வெளியூர்க்காரர்தானே என்று தலையை ஆட்டினேன்.

"அட, இவ்ளோ மருந்த வெச்சிக்கினு முழிக்கிறியே! இதுல ரெண்டு சொட்டு எண்ணெய்ல கலந்து தடவி உடு. எங்க ஊர்ல அந்தக் காலத்துல அப்டித்தான் செய்வாங்க. காலைல ஒரு பேன் இருக்காது."

அந்த நாள் முழுவதும் நான் செய்த காரியங்களில் புத்தியோடு செய்தது அடுத்தது மட்டும்தான். அவர் கையில் இருந்த டப்பாவைப் பிடுங்கி, அதில் இருந்த சிவப்பு முக்கோணத்தைக் காட்டினேன். "இது இன்னா தெரியுமா? தோல்ல பட்டாலே உள்ள போவும். பேனுக்கு முன்னாடி புள்ள போய்டும். மண்ணெண்ணெயும் கூடாது, ஒரு மண்ணும் கூடாது. இந்தப் பேச்சே இன்னொரு வாட்டி எடுக்காத" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்படித் தடவிப் படுக்கவைத்த பிள்ளைகளின் கதை இரண்டை இந்தத் தொழிலில் கேட்டிருக்கிறேன். அவற்றை வைத்து வேடிக்கை பேச எனக்கு வராது. அவர் மல்லாட்டைக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசல் மணி அடித்தது. எங்கள் தெரு முனையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், கையில் நாலு ஆப்பிளோடு நின்றார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "நடக்குறியேப்பா! உக்காரு, உக்காரு" என்றார். அவர் போனதும் இன்னொருவர். அவர் எந்தப் பக்கம் வலி, இடது கை மரத்துப்போச்சா என்றெல்லாம் விசாரித்தார். நான் ஒருவரிடம் இடது பக்கம் என்றும் இன்னொருவரிடம் நடுவில் என்றும் சொன்னேன். இருவரும் வாசலில் சந்தித்துக்கொண்டு, வலி பரவியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். எட்டு மணிக்குள் மேசைமேல் ஆறு வகைப் பழம். என் மகள் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், தலையில் ஒரு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு. "அப்பாவுக்காகப் புள்ள இப்பவே முக்காடு போட்டுக்கிச்சு பார்" என்று ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுத் தங்கச்சி ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து எங்கள் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். அமாவாசை அன்று வேனுக்கு இருந்த சவாரியை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாராம். "நாங்களும் வர்றோம்ணே. நீங்க கூட்டத்துல பஸ் ஏறக் கூடாது."

பத்தரை மணிக்கு என் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலையில் யாரோ அவளுக்குப் போன் செய்து, "உங்க வூட்டுக்காரருக்கு ஹார்ட்டு" என்று சொல்லியிருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் அவள் எப்படி வந்திருப்பாள் என்பதை அவள் முகம் சொன்னது. நான் அப்போது ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி உண்மையைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள், சரியாகத்தான் அடிக்கிறதா என்று. பிறகு அதே கையால் தோளில் ஓர் அடி போட்டாள்.

"பேனா? பேனுக்காய்யா? என் ஸ்கூல்ல வாரம் நாலு புள்ளைக்குப் பார்க்குறேன். அது நாறாது, நோவாது, ஆளைக் கொல்லாது. ஒரு மருந்து, ஒரு சீப்பு, பத்து நாள் பொறுமை. இதுக்குப் போயி..." நான் தைரியம் வந்தவனாக, "சரி, வலி வாய்வுன்னு சொல்லிடுவோம், வேண்டுதல் வாணாம்னு" என்று ஆரம்பித்தேன்.

அவள் முகம் மாறியது. "வலிய இன்னா வேணா சொல்லுங்க. மலையனூர்க்காரிகிட்ட தர்றேன்னு சொன்னதை எப்டித் திருப்பி வாங்குவீங்க? மஞ்சத்துணி வேற முடிஞ்சாச்சு."

இதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். நான் கோயிலில் கூட வேடிக்கை பேசுகிறவன். ஆனால் செஞ்சியில் வளர்ந்த யாரும் மேல்மலையனூர்க்காரியிடம் வாக்குத் தவறமாட்டோம். பொய்யாகச் சொன்னதாக இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். வங்கிக்காரனிடம் நாள் கேட்கலாம், அவளிடம் கேட்க முடியாது. நான் விளையாட்டாகக் கட்டிய முடிச்சு என் பிள்ளையின் தலையில் போய் விழுந்திருந்தது. பால் குக்கர் விசில் அடித்தது.

கதவு திறந்தது. மகள். எவ்வளவு நேரமாக வெளியில் நின்றாள் என்று தெரியவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு வலி யாருக்கு வந்துச்சு?"

"எனக்கு. அதாவது, வரல. ஆனா எனக்குத்தான்."

"சாமிகிட்ட வேண்டிக்கினது யாரு?"

"நான்."

"அப்ப என் முடிய நீ எப்டிக் குடுப்ப? உன் முடியக் குடு."

என் கை தானாகத் தலைக்குப் போனது. அது சாதாரணத் தலை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாயம் பூசி, இடது காதுக்கு மேலே வளர்த்த முடியை நெற்றி வழியாக வலது பக்கம் கடத்தி, காற்றடித்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பழகிவைத்திருந்த தலை. மனைவி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். விழுப்புரத்தில் இருந்து கொண்டுவந்த பயம் எல்லாம் சிரிப்பாக உடைந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கேக்குறால்ல, பதில் சொல்லுங்க."

"பாப்பா முடின்னு சொல்லிட்டேனே, அவளும் ஒரு கொத்து..." என்று முனகினேன்.

"மூணு விரல் பூமுடி அவ தரட்டும், நீங்க வேண்டிக்கினதுக்குத் தொணையா" என்றாள் மனைவி. நுனியில் மட்டும் கொஞ்சம் வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பதைத்தான் பூமுடி என்பார்கள். மகள் விரலால் அளந்து பார்த்து, யோசித்து, "ரெண்டு விரல்" என்றாள். பேரம் அதில் முடிந்தது.

மறுநாள் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு மகளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். நர்ஸம்மா மகளின் தலையைப் பார்த்து அதிரவும் இல்லை, மூக்கைச் சுளிக்கவும் இல்லை. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பிரித்து எனக்குக் காட்டினார். "ஊதுனா பறந்தா பொடுகு, ஒட்டிக்கினு இருந்தா ஈர். இது ஈர். நடக்குறது பேன். பேன் குதிக்காது சார், பறக்காது. தலையோட தலை ஒட்டுனாத்தான் ஏறும்." மருந்தைத் தலை முழுக்கத் தடவி, சீட்டில் எழுதிய நிமிடம் வைத்திருந்து அலச வேண்டும். அந்த மருந்து ஈரை எல்லாம் கொல்லாது. மிச்சம் பொரிந்து வரும். அதனால் ஒன்பதாம் நாள் மறுபடி. நடுவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஈரத்தலையில் பேன் சீப்பால் வாரியே எடுக்க வேண்டும். "மொட்டை போட்டா?" என்று சும்மா கேட்டேன். "எதுக்கு சார் புள்ளைய அழ வெக்கிறீங்க?" என்றார். கடைசியாக, "வீட்ல எல்லாருக்கும் பாத்துடுங்க" என்றார். என் மனைவி என் தலையை நோக்கித் திரும்பினாள். சாயம் போட்ட தலையில் பேன் உயிரோடு இருக்காது, என் வகிட்டை யாரும் கலைக்கக்கூடாது என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

அமாவாசை அன்று பகலிலேயே கிளம்பினோம். கோயிலில் முடி இறக்கும் இடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். மனைவி, மகள், எதிர்வீட்டுத் தங்கச்சி, அவள் மகள் எல்லோரும் என்னைச் சுற்றி. மொட்டை எனக்குத்தான் என்று தெரிந்ததில் இருந்து எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு என்மேல் பக்தியே வந்துவிட்டது. முடி இறக்குகிறவர் என் தலையில் தண்ணீர் தெளித்து, நான் கலையழகோடு கடத்திவைத்திருந்த முடியை ஒரே தடவலில் பழைய பக்கமே திருப்பிவிட்டார். கத்தியை வைத்தார். எடுத்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"சார், உள்ள குடித்தனம் இருக்குது" என்றார், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

"இன்னா?"

"பேன் சார். நெறையத்தான் இருக்குது. பரவால்ல, எனக்குப் பழக்கம். ஆடாத இருங்க."

நான் ஆடவில்லை. அசையக்கூட முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் என் மகள் சிரித்தாள். அப்புறம் என் மனைவி. மூன்றாவதாகக் கேட்ட சிரிப்பு எதிர்வீட்டுத் தங்கச்சியுடையது. அவள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இதுக்குத்தானா தலைகாணி எல்லாம் மாடிக்குப் போச்சு? எம் பொண்ணுக்கு ஒரு மாசமா இருக்குதுண்ணே! நான் யாருக்கும் தெரியாத கதவச் சாத்திக்கினு குத்திக்கினு இருக்குறேன். வெளிய சொன்னா ஒத வுழும்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்குறேன். ஒங்க வூட்ல தெரிஞ்சா பாப்பாவைப் பழக உடமாட்டீங்கன்னு பயம்!"

அவள் மகள் என் மகளிடம், "நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். என் மகள், "எனக்கு முன்னாலயே தெரியும், உன் ரிப்பன்ல ஒன்னு போச்சு" என்றாள். இருவரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில், "ஏய், தள்ளி நில்லுங்கடி!" என்று கத்தினார்கள்.

மகளும் தன் இரண்டு விரல் பூமுடியைக் கொடுத்தாள். வேனில் திரும்பும்போது என் நெஞ்சு வலி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. தலையில் சந்தனம் காய்ந்து இழுத்தது.

அதற்குப் பிறகு சீப்பு வேலை என்னிடம் வந்தது. வீட்டில் இப்போது ஒட்டுவதற்கு இடமே இல்லாத தலை என்னுடையதுதான் என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். மாலையில் மொட்டைமாடிப் படியில் மகளைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, ஈரத்தலையில் நிறைய எண்ணெய் தடவி, முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, வேரில் இருந்து நுனிவரை வாருவேன். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் பதினாறு. அவசரப்பட்டால் தப்பிவிடும். முதல் இரண்டு நாள் நான் அவசரப்பட்டேன், அவள், "ஆ, ஆ" என்றாள். மூன்றாம் நாள் கை தானாகவே மெதுவாகிவிட்டது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் முகத்துக்கு நேராகச் சொல்லாத சேதி எல்லாம் வரும். கணக்கு டீச்சரைப் பற்றி, எந்தப் பையன் எவனைக் கடித்தான் என்பது பற்றி. ஒரு நாள், "நான் கிட்ட வந்தா தள்ளித் தள்ளிப் போனியே, எனக்கு அன்னிக்கி ஒரு மாதிரி இருந்துச்சு நைனா" என்றாள்.

"விளையாட்டுக்குத்தானே துரத்துன?"

"மொதல்ல விளையாட்டு இல்ல."

துணியில் சீப்பைத் துடைத்தேன். அன்று இரண்டுதான் வந்தன. ஆனாலும் அதையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது மருந்து. அதற்குப் பிறகு மூன்று முறை வாரியும் துணி வெள்ளையாகவே இருந்தது. எதிர்வீட்டிலும் அப்படியே. நான்காவது முறை வாரி முடித்து, "ஒன்னும் இல்ல. தப்பிச்சிட்ட" என்றேன். அவ்வளவு முடியும் என் மடியில் எண்ணெயோடு கனமாகக் கிடந்தது. அதற்கு நான் கொடுத்த விலை என் தலையில் முள் முள்ளாக நரைத்து முளைக்க ஆரம்பித்திருந்தது.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நைனா, ஒன்னு சொன்னா திட்டமாட்டியே?"

"சொல்லு."

"தோள் வரைக்கும் வெட்டிக்கவா? இவ்ளோ முடி வார்றதுக்கு நேரம் ஆவுது. நோவுது வேற."

நான் என் மொட்டையைத் தடவிக்கொண்டேன். "அடிப்பாவி! இத முன்னாடியே சொல்லியிருந்தா என் முடி தப்பிச்சிருக்குமே! மொட்டைன்னா மட்டும் மூஞ்சிய அப்டி வெச்சிக்கினியே?"

"அது நீயா சொன்னது. இது நானா சொல்றது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜாரில் ஒரு பியூட்டி பார்லருக்குக் கூட்டிப்போனேன். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகை. வெளியே வெயிலில் நின்றேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, நெஞ்சு இப்போது தேவலையா என்று கேட்டார்கள். தேவலை என்றேன். அரை மணி கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். முடி தோளுக்குமேல் நின்றது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமாக ஆட்டினாள், முடி இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அடித்தது. அது பிடித்துப்போய் மறுபடி ஆட்டினாள். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குள், வண்டி நிற்கிற இடத்தை நோக்கித் தலையை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள்.